அட்டையின் பின்பக்கம்

காலை பத்து மணிக்குக் கடைக்குள் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, தங்கை, மின்சாதனப் பாதுகாப்பு அதிகாரி, ஹீட்டர் கம்பெனி மேனேஜர், நானூற்றுச் சொச்சம் மீன்கள். இவர்களில் மீன்கள் மட்டும்தான் ஒருவரை ஒருவர் முறைக்காமல் இருந்தன.

அண்ணனின் மீன்தொட்டிக் கடைக்குச் சீல் வைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மீன்களுக்குச் சீல் வைக்க முடியாது என்பதால் தினமும் பத்து நிமிடம் அதிகாரியே வந்து திறந்துவிடுவார். இரை போடலாம். வேறு எதையும் தொடக்கூடாது.

நடந்தது இதுதான். பல் டாக்டரின் வரவேற்பறையில் இருந்த தொட்டியை அண்ணன் ஒரு சனிக்கிழமை சுத்தம் செய்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்த வரவேற்பாளர் பெண்ணை வரவேற்றது புகை. தொட்டி வெடித்துத் தண்ணீரெல்லாம் தரையில். வெறும் தொட்டியில் ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் மூடி உருகித் திரையில் தீப்பிடித்திருந்தது. அணைக்கப் போனவளுக்குக் கை முழங்கை வரை வெந்துபோனது.

தண்ணீரைச் சரியாக நிரப்பாமல் ஹீட்டரைப் போட்டுவிட்டு வந்தது கடைக்காரரின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. எரிந்த ஹீட்டரை மேனேஜர் அன்றைக்கே 'லேபுக்கு' எடுத்துப் போனார். அது போனது போனதுதான்.

ஜி-17 என்ற வரிசை எண் உள்ள ஹீட்டர்களில் பழுது இருக்கிறது என்று தொழிற்சாலையே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வரிசையை ஆறு மாதத்துக்கு முன்பே மொத்தமாக அழித்துவிட்டோம், இந்தக் கடைக்கு ஒன்றுகூடப் போகவில்லை என்று மேனேஜர் சாதித்தார். எண் ஹீட்டரில் இருக்காது, பெட்டியில்தான் இருக்கும். பெட்டி கிடைத்தால் கடை பிழைக்கும். ஆனால் கடைக்கு வரும் பெட்டிகளையெல்லாம் அண்ணி வெட்டிப்போட்டுவிடுவாள். அது அவள் பழக்கம்.

"ஆதாரத்தை அழிச்சது யாருன்னு பார்த்தீங்கல்ல மேடம்?" என்று மேனேஜர் இந்த ஒன்பது நாளில் ஒன்பது தடவை சொல்லியிருப்பார்.

இன்றைக்கு நாலு மணிக்கு அதிகாரி தீர்ப்பு எழுதப் போகிறார். கடைக்கு லைசென்ஸ் இருக்குமா, போகுமா என்பது அதில்தான் இருந்தது.

தங்கை ஒரு ஓரமாக நின்று தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி பழுது பார்ப்பது அவள் தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அண்ணி அவளைத் 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவாள்.

"திருப்புளி, அந்த ஒன்பதாம் நம்பர் தொட்டியைப் பாரேன்" என்றாள் அண்ணி. "ஏஞ்சலெல்லாம் மேலேயே நிக்குது. வாயை வாயைத் திறக்குது."

தங்கை பார்த்தாள். மீன்கள் தண்ணீர் மட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரைக் குனிந்து படித்தாள். முப்பத்துநாலு. அது இருபத்தாறில் நிற்க வேண்டும்.

"ஹீட்டர் நிக்கல" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் கை வைக்கப் போனாள்.

"பிளக்கு!"

அண்ணன் கத்திய கத்தலில் அதிகாரியின் தும்மல் பாதியில் நின்றது. இந்த ஒன்பது நாளில் அண்ணன் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிளக்கை ஒயரோடு கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"இது என்ன?" என்றார் அதிகாரி, கழுத்தைக் காட்டி.

"தொட்டியில கை வைக்கும்போது பிளக்கு என் கழுத்துல இருக்கணும் மேடம். கழுத்துல இருந்தா சுவர்ல இருக்காது. கண்ணால பார்க்க வேண்டாம், தொட்டாலே தெரியும்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"இருபது வருஷமா" என்றாள் அண்ணி. "சில நாள் கழட்ட மறந்துட்டு அப்படியே கடைத்தெருவுக்குப் போயிடுவார். நான் பத்தடி தள்ளித்தான் நடப்பேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் நோட்டில் ஏதோ எழுதினார்.

மேனேஜர் அவசரமாக முன்னால் வந்தார். "கொடுங்க, அதை நான் லேபுக்கு அனுப்பிடறேன்."

"முதல் ஹீட்டரே இன்னும் லேபுக்குப் போய்ச் சேரல" என்றாள் தங்கை. "வழியில எங்கேயாவது நின்னு டீ குடிச்சிட்டிருக்கோ என்னவோ."

"இது எங்க பழைய மாடல் மேடம். அஞ்சு வருஷம் ஆகியிருக்கும். பழசு பழுதாகத்தான் செய்யும்."

"அது கடைக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "நாலு மணிக்கு இங்கேயே வெச்சுப் பார்ப்போம்."

ஹீட்டர் ஆறட்டும் என்று கால் மணி நேரம் தண்ணீரிலேயே விட்டார்கள். சூடாக வெளியே எடுத்தால் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். இரை போடும் பத்து நிமிடம் அன்றைக்கு அரை மணி ஆனது. தங்கை தொட்டியின் பின்பக்கம் போய், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நின்றாள். குழாயைப் பிடித்திருந்த ரப்பர் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

தொட்டியின் முன்கண்ணாடியில் மீன் பெயர் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளருக்குத் தெரிவது அண்ணியின் குண்டு குண்டான கையெழுத்தில் 'ஏஞ்சல்'. பின்னால் நிற்பவருக்குத் தண்ணீர் வழியாகத் தெரிவது அட்டையின் மறுபக்கம். தண்ணீர் அதைப் பெரிதாக்கிக் காட்டியது. தலைகீழாக ஒரு எண்.

ஜி-17.

அதற்குக் கீழே சரக்கு இறக்கும்போது ஒட்டும் வெள்ளைச் சீட்டு. போன மாதத்துத் தேதி. தேதிக்குப் பக்கத்தில் தூண்டில் முள்ளைப் போல வளைந்த ஒரு கையெழுத்து.

அண்ணி பெட்டிகளை வெட்டினாள். வெட்டிய மூடிகளில் மீன் பெயர் எழுதினாள். எழுதியதை மறந்தாள். ஒன்பது நாளாக எல்லோரும் தேடிய பெட்டி எல்லோர் மூக்குக்கு முன்னாலும் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கை கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அந்தத் தூண்டில் முள்ளை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கல்யாணப் பதிவிலும் அதே முள்தான் இருக்கிறது.

அது அவள் புருஷன் கையெழுத்து.

*

அவன் அதே கம்பெனியின் விற்பனை ஆள். கடை கடையாகப் போய்ச் சரக்கு இறக்குபவன். 'இந்தக் கடைக்கு நான் ஜி-17 கொடுத்ததே இல்லை' என்று போன வாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். அன்று சாயங்காலம் அவனுடைய பையை அவள் வாசலுக்கு வெளியே வைத்தாள். அன்றிலிருந்து அவன் கம்பெனி கிடங்கின் மாடியில் படுத்துக்கொள்கிறான்.

கிடங்குக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சாப்பிட்டியா?"

"கேள்வி கேட்க வந்தது நான்" என்றாள். "போன மாசம் அண்ணன் கடைக்கு எத்தனை ஹீட்டர் இறக்கினீங்க?"

'நீங்க'. சண்டை வந்த நாளிலிருந்து அவள் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். திட்டுவதைவிட அதுதான் அவனுக்கு உறைத்தது.

"இருபது."

"என்ன வரிசை?"

அவன் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தான். "இறக்கும்போது நான் நம்பரெல்லாம் பார்க்கல. பெட்டி கொடுத்தாங்க, கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"கடிதத்துல கையெழுத்துப் போடும்போது?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். அவள் காத்திருந்தாள். பழுது பார்ப்பவளுக்குக் காத்திருக்கத் தெரியும். சில மோட்டார்கள் தாமதமாகத்தான் சுற்றத் தொடங்கும்.

"தெரியும்" என்றான் கடைசியில். "மேனேஜர் சொன்னார். போடலைன்னா வேலை போயிடும்னு சொன்னார்."

"ஒருத்திக்குக் கை வெந்துபோச்சு."

"தெரியும்."

"அண்ணன் ஒன்பது நாளா ஒழுங்காச் சாப்பிடல. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. 'மாப்பிள்ளைக்கு என்ன கஷ்டமோ'ன்னுதான் சொல்றார். அதைக் கேட்டா எனக்கு இன்னும் எரியுது."

அவன் தலை குனிந்தான்.

"பெட்டி மூடி கிடைச்சிடுச்சு" என்றாள். "எண் இருக்கு, தேதி இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு. நாலு மணிக்கு நான் அதைத் திருப்பிக் காட்டுவேன். காட்டினா முதல்ல மாட்டுறது நீங்கதான், உங்க மேனேஜர் இல்ல. அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் காட்டுவேன்."

"அப்புறம் ஏன் வந்து சொல்ற?"

"நீங்களே வந்து திருப்பினா நல்லா இருக்கும். அவ்வளவுதான்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

நாலு மணி. கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. மேஜையில் ஹீட்டர்; அதன் பிளக்கை அண்ணன் மறுபடி கழுத்தில் போட்டிருந்தார். அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் அவன் இல்லை. தங்கை இரண்டு தடவை பார்த்துவிட்டு மூன்றாம் தடவை பார்க்கவில்லை.

"பிரிச்சுக் காட்டலாமா மேடம்?"

"செய்ங்க."

மேல் மூடியின் ரப்பரை நெம்பினாள். உள்ளே இருந்த சின்னத் தகட்டை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது ரெண்டு முனை. தண்ணி சூடானா இது ரெண்டும் விலகணும், கரண்ட் நிக்கணும். ஆறினா மறுபடி ஒட்டணும். நாள் பூரா இதுதான் இதுக்கு வேலை. இப்போ பாருங்க." ஸ்க்ரூ டிரைவர் முனையால் விலக்கப் பார்த்தாள். வரவில்லை. "உருகி ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இனிமே இதுக்கு நிக்கத் தெரியாது. தண்ணி கொதிக்கிற வரைக்கும் எரியும். தொட்டி வெடிச்சு, தண்ணி போன பிறகும் எரியும். பல் டாக்டர் கிளினிக்குல நடந்தது அதுதான். இது உங்க சீலுக்கு உள்ளேயே கெட்டுப்போயிருக்கு. அண்ணன் தொடவே இல்ல."

"நான்தான் சொன்னேனே, பழைய மாடல்" என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே. "ஜி-17 இந்தக் கடைக்கு வந்திருந்தா பெட்டியைக் காட்டச் சொல்லுங்க. பெட்டியை அந்தம்மா வெட்டிப்போட்டாச்சு."

அண்ணியின் முகம் சுருங்கியது. தங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, மீன் பேரெல்லாம் எதுல எழுதினீங்க?"

"எதுலயோ. கையில கிடைச்ச அட்டையில. பழைய அட்டை நனைஞ்சு போச்சுன்னு போன மாசம்தான் புதுசா..."

அண்ணி நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது, காலையில் நின்ற ஏஞ்சல்களைப் போல. பிறகு கடைக்குள் ஒரு சூறாவளி அடித்தது. ஒன்பதாம் தொட்டியிலிருந்து அட்டையைப் பிய்த்தாள். 'ஏஞ்சல்'. திருப்பினாள். 'கப்பி'. திருப்பினாள். 'டெட்ரா', 'மோலி', 'ஃபைட்டர்'. சீட்டாட்டத்தில் ஜெயித்தவள் சீட்டை இறக்குவதுபோல அதிகாரியின் மேஜையில் ஒவ்வொன்றாக அறைந்தாள்.

"ஜி-17! ஜி-17! இதுவும் ஜி-17! எழுதிக்கோங்க மேடம். பெட்டியை வெட்டினவ நான்தான்!"

இருபது அட்டைகள். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே தேதி. எல்லாவற்றிலும் அதே தூண்டில் முள்.

மேனேஜரின் சிரிப்பு உதட்டிலிருந்து கழன்று விழுந்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "எங்க கிடங்குல கிடந்த காலிப் பெட்டியை யாராவது எடுத்து வந்திருக்கலாம் மேடம். விற்பனை ஆளே இவங்க குடும்பம்தான். அந்தக் கையெழுத்து எப்போ போட்டதோ, யார் போட்டதோ..."

"நான் போட்டது."

பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. பிறகு குனிந்தபடி அவன் உள்ளே வந்தான். கையில் ஒரு காகிதம் இருந்தது. தங்கையைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துப் பேசினான்.

"போன மாசம் இருபது பெட்டி நான்தான் இறக்கினேன். போன வாரம் எழுதிக் கொடுத்தது பொய். இது தொழிற்சாலை அனுப்பின சுற்றறிக்கை. 'விற்காதீர்கள், அழித்துவிடுங்கள்'னு போட்டிருக்கு. கீழே மேனேஜர் கையால எழுதினது, 'முதலில் இருக்கிற சரக்கை விற்றுத் தள்ளுங்கள்'னு. கிடங்குல இன்னும் முந்நூறு பெட்டி இருக்கு."

"டேய், உனக்கு நாளைக்கு வேலை இல்லடா" என்றார் மேனேஜர்.

"நேத்தே விட்டிருக்கணும் சார்."

அதிகாரி சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணியாக இருந்தவர், அடுத்த நிமிடம் வேறு ஆளாக இருந்தார்.

"கிடங்குக்கு இப்பவே சீல். ஜி-17 எல்லாத்தையும் திரும்ப வாங்கணும், நாளைக் காலைப் பேப்பர்ல அறிவிப்பு வரணும், செலவு கம்பெனியோடது. மேனேஜர் சார், நீங்க என்கூட வர்றீங்க. போனை மேஜைமேல வைங்க." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "கடையைத் திறந்துக்கோங்க. உங்க மேல தப்பு இல்லைன்னு எழுதித் தர்றேன்."

அண்ணன் கழுத்தில் இன்னும் தொங்கிய ஒயரை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே தூக்கினார். ஒன்பது நாளுக்குப் பிறகு தெரு வெளிச்சம் கடை முழுக்க வந்து நிறைந்தது.

"பதினெட்டு வித்திருக்கு" என்றார். "முதல்ல அவங்களுக்குச் சொல்லணும்."

அண்ணிக்கு வாங்கியவர் பெயர் ஞாபகம் இருக்காது, வாங்கிய மீன் ஞாபகம் இருக்கும். "ஆரஞ்சு மோலி ரெண்டு ஜோடி, கண்ணாடி போட்ட டீச்சர்" என்பாள். அண்ணன் நம்பரைத் தேடித் தருவார். பல் டாக்டரைத் தவிர பதினேழு வீடு. தங்கை ஒவ்வொரு வீட்டுக்கும் அதையே சொன்னாள்.

"முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. தண்ணியில கை வைக்காதீங்க. பிளக்கு, அப்புறம் கால் மணி நேரம், அப்புறம்தான் ஹீட்டரை வெளியே எடுக்கணும். திரும்பக் கொண்டுவாங்க, வேற தர்றோம்."

ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மீனுக்குக் குளிருமாம். அண்ணி போனைப் பிடுங்கினாள்.

"ஐயா, மீன் ஒரு நாள் குளிர்ந்தா ஒண்ணும் ஆகாது. நீங்க ஒரு தடவை ஷாக் அடிச்சு விழுந்தா அதுக்கு யார் இரை போடுவா?"

மறுமுனையில் பிளக்கைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

பதினேழாவது வீடு டீச்சருடையது. தண்ணீர் ஏற்கெனவே வெந்நீராக இருக்கிறது, பிள்ளைகள் இப்போதுதான் கை விடப் போனார்கள் என்று அழுதார். பிடுங்கியாகிவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தங்கை போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பதினேழும் ஆச்சு" என்றார் அண்ணன்.

"மாப்பிள்ளைக்கும் ஒரு டீ சொல்லுங்க" என்றாள் அண்ணி. "மூலையில நிக்குற மனுஷனும் மனுஷன்தானே."

அவன் மூலையில்தான் நின்றிருந்தான். அண்ணன் போய் அவன் தோளைத் தொட்டார். "வந்துட்டீங்கல்ல மாப்பிள்ளை. போதும்."

"போதாது மச்சான்" என்றான் அவன், மெதுவாக.

அது தங்கையின் காதில் விழுந்தது. கிளம்பும்போது அதிகாரி கேட்ட ஒரு கேள்வியும் நினைவுக்கு வந்தது. சுற்றறிக்கையின் முதல் வரியில், 'முன்பு உங்கள் ஊரிலிருந்து வந்த புகாரின் தொடர்ச்சியாக' என்று இருந்தது. அந்த முதல் புகாரைக் கொடுத்தது யார், யார் கையில் கொடுத்தார்கள் என்று அதிகாரி கேட்டார். தனக்குத் தெரியவே தெரியாது என்று மேனேஜர் சொன்னார். அந்த ஒரு பதில் மட்டும் பொய்போல இல்லை.

அப்போது அவள் புருஷன் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் தொட்டியை. அதில் மீன் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் அந்த நிம்மதி இல்லை.

*

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டு மணி அடித்தது. வாசலில் அவனும் அவன் பையும்.

"மன்னிச்சுட்டியா?" என்றான்.

"இல்ல" என்றாள். "உள்ள வா."

வா. அவன் கண் கலங்கியது. இதற்கெல்லாம் மசியக்கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பையை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள்.

"இன்னைக்கு நீ செஞ்சது நல்ல காரியம்" என்றாள். "அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா பாதிதான் பிரிச்சிருக்க. பாதி பிரிச்ச சாமானை நான் மூடி வைக்கிறவ இல்ல."

"என்ன பாதி?"

"முதல் புகார். அது யார் கைக்கு வந்துச்சு? கடை கடையாப் போறவன் நீ மட்டும்தானே?"

அவன் திரும்பி, கீழே இறங்கும் மாடிப்படியைப் பார்த்தான். ஒரு காலைப் பின்னால் வைத்தான்கூட. அவள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக் கூடத்துக்குள் விட்டாள்.

"உட்காரு. டீ போடறேன். அவசரமே இல்ல."

அவனைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள். சாவியை எடுத்து, ஸ்க்ரூ டிரைவர் இருந்த சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.